அஞ்சு புளியங்கொட்டை

நல்லது செஞ்சதுக்கு யாராவது கோவிச்சுக்கிட்டுப் போவாங்களா, நீங்களே சொல்லுங்க?

எங்க ஊர்ப் பொம்பளைங்க எட்டுப் பேர் சேர்ந்து புளி தட்டுறோம். ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, போளூருக்கு அனுப்புவோம். சின்னக்குழந்தை அக்காவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. "அக்காவையும் சேத்துக்கணும்"னு கூட்டத்துல எழுந்து பேசினதே நான்தான்.

அக்கா விரலால தடவித் தடவியே கொட்டை எடுக்கும். ஒண்ணு ரெண்டு தங்கிடும். அது தண்ணி குடிக்க எழுந்து போறப்ப, சத்தமில்லாம நான் எடுத்துப் போட்டுடுவேன். அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்.

போன வாரம் அக்கா திடீர்னு வேலைக்கு வராம நின்னுடுச்சு. பக்கத்து ஊர்க்காரங்களோட புளி தட்டப் போகுதாம்.

"இன்னா கொறை வெச்சோம் அதுக்கு?" ன்னு கேட்டா குப்பம்மா. புளியில கொட்டைய வுட்டுட்டு எங்கிட்ட தெனம் திட்டு வாங்குறவ அவ.

எனக்கும் மனசு ஆறல. என் பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டு நேரா அங்கயே போனேன்.

கிட்டப் போறதுக்குள்ளயே ஒரு குரல் கேட்டுது. வெள்ளையம்மாள்னு அந்த ஊர்க்காரம்மா.

"அடியே சின்னக்குழந்தை, இது புளியா, கொட்டை மூட்டையா? வெரல வூட்ல கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கண்ணு தெரியாத மனுஷிகிட்ட இப்படியா பேசுவாங்க?

"உன் புளியில பாதி நாருதான். ரெண்டு கண்ண வெச்சுக்கினு நீ இன்னாத்தக் கிழிச்சே?"

சொன்னது அக்காதான். எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சுது. எங்ககூட இருந்தப்ப அது இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

தனியா கூப்பிட்டேன். "இவங்க வாயில வுழறதுக்கா எங்கள வுட்டுட்டு வந்தே?"

"கடைசி நாளு அஞ்சு கொட்டைய வேணும்னே வுட்டேன், கலைவாணி. யாராச்சும் கேக்குறீங்களான்னு பாக்கத்தான். தண்ணி குடிச்சுட்டு வந்து தடவினா ஒண்ணைக்கூடக் காணோம். ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் வேலை செஞ்சா இன்னா, சும்மா குந்தியிருந்தா இன்னான்னு ஆய்டுச்சு."

அந்த அஞ்சையும் எடுத்துப் போட்டது நான்தான். அதை வீட்டுக்காரர்கிட்ட பெருமையா வேற சொல்லியிருந்தேன்.

"தப்புதான்க்கா. வந்துடு."

அக்கா மடியில ஒட்டியிருந்த புளியோட்டைத் தட்டி வுட்டுச்சு.

"இந்த வருசம் இவங்களோடவே முடிச்சுடறேன். அடுத்த புளிக்குக் கூப்புடு, வர்றேன். ஆனா எம் புளியில கொட்டை இருந்தா, குப்பம்மாவத் திட்டற மாதிரியே என்னையும் திட்டு. இன்னா, திட்டுவியா?"