கம்பிக்கு அந்தப் பக்கம்

தந்தி ஆபீஸ் ஜன்னலில் நின்ற தையல்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் அவர் மனைவிக்கு ஆபரேஷன்.

“காலையில என் பொண்ணு பட்டணத்துல கட்டின பணம், அதுக்குள்ள கம்பி வழியா வந்துடுச்சா?”

“தொகையை அங்கிருந்து தட்டிச் சொல்லுவாங்க. நாங்க இங்க எடுத்துக் கொடுப்போம்,” என்றார் குமாஸ்தா.

“தப்பாத் தட்டியிருந்தா?”

“தட்டினது நாங்க ‘வாத்தியார்’னு கூப்பிடுற ஒருத்தர். முகம் பார்த்ததில்லை. ஆனா மூணு வருஷத்துல ஒரு எழுத்துகூடப் பிசகினதில்லை.”

“அந்தப் புண்ணியவானுக்கு என் கும்பிடைச் சொல்லுங்க.”

பணம் வாங்க வந்த தையல்காரர் கும்பிடு சொல்வதாகக் குமாஸ்தா தட்டினார். பதில் கடகடவென்று வந்தது. அதை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சட்டென்று எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“உட்காருங்க ஐயா. ‘அங்கே நிற்பவர் என் அப்பா, நாற்காலி போடுங்கள்’னு வாத்தியார் சொல்றாங்க.”

“ஏதோ ஆபீஸ் வேலைன்னுதான் எழுதியிருந்தா,” என்ற தையல்காரர் உட்காரவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.