சந்திரம்மாள் போடாத கையெழுத்து

"புஸ்தகத்தை எல்லாம் தாராளமா எடுத்துக்கினு போங்க சார். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" என்றாள் சந்திரம்மாள்.

வளவன் சிரித்துக்கொண்டான். சென்னையில் பல்கலைக்கழக நூலகத்தில் துணை நூலகராகச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். ஜமீன் வாரிசுகள், ரிடையரான ஜட்ஜுகள், பாகம் பிரியாத அண்ணன் தம்பிகள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. கடைசி நேரத்தில் முரண்டு பிடிக்காத வீடே கிடையாது. எந்த வீட்டிலிருந்தும் அவன் வெறுங்கையோடு திரும்பியதும் கிடையாது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருவில் இருந்தது அந்த வீடு. 'பழைய சரித்திரப் புத்தகங்கள் எழுபத்திரண்டு உள்ளன. வந்து எடுத்துப் போகவும்' என்று ஒரு கார்டு போட்டிருந்தாள். வந்து பார்த்தால் கூடம் முழுக்கப் பொக்கிஷம்! ஆற்காட்டு நவாப் காலத்து வரலாறுகள், கும்பினிக்காரர்களின் பயணக் குறிப்புகள், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நில வரைபடத் தொகுப்புகள். ஒவ்வொன்றும் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு வைத்து, கைக்குழந்தையைப் போலக் காப்பாற்றப்பட்டிருந்தது.

முதல் ஏடு மட்டும் எதிலும் இல்லை. கறையான் வேலை என்று வளவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஒரு புத்தகத்தைத் தொட்டாலே அது எந்த வீட்டில் வளர்ந்தது என்று சொல்லிவிடுவான் என அவனுக்கு நூலகத்தில் பேர். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"மறைக்காம சொல்றேம்மா. இதுல ஒண்ணுகூட எங்க லைப்ரரியில இல்ல. திங்கக்கிழமை கண்காட்சி. கொண்டாந்துடறேன்னு துணைவேந்தர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். கையெழுத்து இல்லாம ஒரு காகிதத்தைக்கூட வண்டியில ஏத்த முடியாது."

"நீங்க எழுதியாந்ததைப் படிச்சேன் சார். அதுக்குக் கீழ என் பேரைப் போட மாட்டேன்."

வளவன் கடிதத்தைப் பார்த்தான். 'என் கணவர் பரசுராமன் தம் வாழ்நாளெல்லாம் சேகரித்த, எங்களுக்குச் சொந்தமான நூல்களை மனமுவந்து நன்கொடையாக அளிக்கிறேன்.' அவனே உட்கார்ந்து யோசித்து எழுதிய வாசகம். இதில் என்ன குறை கண்டாள் இந்த அம்மாள்?

வாசலில் டிரைவர் மணிவேல் குரல் கொடுத்தான். "சார், இன்னைக்குப் பௌர்ணமி கிரிவலம்! பன்னெண்டு மணிக்கு ரோட்டை அடைச்சிடுவாங்க. அப்புறம் வண்டி நாளைக்குத்தான் நகரும்."

மணி பதினொன்றரை.

"பசங்க யாராவது ஆட்சேபணை சொல்றாங்களாம்மா?"

"எனக்கு யாரு இருக்காங்க? அவரும் போய் எட்டு மாசமாச்சு."

"ஐயா என்ன வேலையில இருந்தாரு?"

"மெட்ராஸ்ல ஆபீஸ் வேலை. ரிடையராகி இங்க வந்து பதினஞ்சு வருஷமாச்சு. சாகற வரைக்கும் இதுங்களைத்தான் படிச்சுக்கினு இருந்தாரு."

பிடி கிடைத்துவிட்டது வளவனுக்கு. "அப்படிப்பட்டவருக்கு நாங்க மரியாதை செய்ய வேணாமா? பரசுராமன் பேர்ல தனி அலமாரி. அதுக்கு மேல அவர் படம். திறப்பு விழாவுல உங்களுக்குப் பொன்னாடை!"

சந்திரம்மாளின் முகம் வெளிறிப் போயிற்று. "அங்கயா? அவர் படமா? ஐயோ, வேணவே வேணாம் சார்!"

இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் அடக்கமா என்று வளவன் உருகிப் போனான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. பாவம், பயப்படுகிறாள். கணவர் கண்ணாய்ப் பார்த்தது பொது இடத்தில் களவு போய்விடுமோ என்ற பயம்.

தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான்.

"அம்மா, உங்க புஸ்தகம் எங்கயும் போவாது. மொதப் பக்கத்துல எங்க சீல் விழும். அது ஊருக்குத் தெரிஞ்ச சீல். உள்ள இன்னொரு பக்கத்துலயும் ஒண்ணு குத்துவோம். எல்லா புஸ்தகத்துலயும் ஒரே பக்கம். அறுபது வருஷ வழக்கம். அது எந்தப் பக்கம்னு எங்க ஆளுங்களைத் தவிர ஈ காக்காவுக்குத் தெரியாது. எவன் தூக்கிக்கினு போனாலும் அது காட்டிக் குடுத்துடும்."

"எந்தப் பக்கம் சார்?"

"உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன்!" என்று வளவன் பெருமையாகச் சிரித்தான்.

சந்திரம்மாள் பிரிந்து கிடந்த ஒரு துணி மூட்டையை இறுக்கிக் கட்டினாள். பிறகு கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். வென்றாயிற்று! வளவன் மணிவேலைக் கூப்பிட்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றச் சொன்னான்.

திரும்பிப் பார்த்தபோது அவள் கடிதத்தில் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள். 'எங்களுக்குச் சொந்தமான' போயிற்று. 'மனமுவந்து நன்கொடையாக அளிக்கிறேன்' போயிற்று. அதற்கு மேலே 'ஒப்படைக்கிறேன்' என்று மட்டும் எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

"என்னம்மா இது? நன்கொடைன்னு இல்லாட்டி எங்க ரிஜிஸ்டர்ல எப்படி ஏத்தறது?"

"புதுசா ஏத்த வேணாம் சார். உங்க பழைய ரிஜிஸ்டரைப் பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பத்தேழாம் பக்கத்துல இன்னொரு வாட்டி சீல் குத்திடாதீங்க. எழுத்து இருக்கிற பக்கமாச்சேன்னு அதை மட்டும் கிழிக்க அவருக்கு மனசு வரல."