நாலாவது முடிச்சு

தறியில் ஓடும் நாலாயிரம் பாவு இழைகளில் நாளைக்கு எது அறும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார் ஆரணி நெசவாளி குப்புராஜ். எத்தனை மணிக்கு என்றும் சொல்வார்.

1998இல் மனைவி ரங்கம்மாளின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட், புற்றுநோய் இல்லை என்றது. குப்புராஜ் தாலிக்கயிற்றோடு அவள் கழுத்தைத் தடவினார்.

“ஊசி பக்கத்துல குத்திட்டு வந்துடுச்சு. நான் போட்டது மூணு முடிச்சு. நாலாவது எவன் போட்டான்?”

“ஊசிக்குத் தெரியாதது உங்க விரலுக்குத் தெரிஞ்சிடுச்சா? சும்மா பேஜார் பண்ணாதீங்க” என்றாள் ரங்கம்மாள்.

அவர் பேனாவால் குறித்த இடத்தில் மறுபடி ஊசி குத்தி எடுத்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் தாலிக்கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிக் குப்புராஜ் கையில் கொடுத்தாள். வட்டம் அப்படியே இருந்தது. அவர் போட்ட மூன்று முடிச்சில் ஒன்றுகூட இல்லை.

ரங்கம்மாள் வெறுங்கழுத்தைத் தடவினாள்.

“நீங்க சொன்னது நெசந்தாங்க. நாலும் உள்ளதான் இருக்குது.”