தேயாத டிஸ்க்

சத்யராஜ் நீட்டிய பொட்டலத்தைக் கலைவாணன் கையில் வாங்கவில்லை. மேஜையை மட்டும் காட்டினார்.

மேஜைமேல் வைத்துச் செய்தித்தாளைப் பிரித்தான். மெக்கானிக் கழற்றிக் கொடுத்த, பைக்கின் இரண்டு பிரேக் டிஸ்க்குகள். பெரியது முன் சக்கரத்துடையது, சிறியது பின் சக்கரத்துடையது.

இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மட்டும் போகாதே என்று மனைவி சந்தியா சொல்லியிருந்தாள். ஆனால் நெடும்பயணத்துக்கென்றே செய்த அந்த வண்டிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் வேறு யாரிடமும் சாமான் கிடையாது. சென்னையிலிருந்து வரவழைக்க நேரமும் இல்லை. விடிந்தால் கொல்லிமலை.

கலைவாணன் சந்தியாவின் அப்பா. மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. முசரவாக்கத்தில் நிலபுலனோடு இருக்கும் வீட்டின் பெண், ஐயம்பேட்டை காலனியில் சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டில் வாழ்கிறாள். அது அவருக்கு இன்னும் இறங்கவில்லை.

மாமா என்று கூப்பிட சத்யராஜுக்கு வாய் வரவில்லை. சார் என்றும் வரவில்லை. எதுவும் கூப்பிடாமலே, பின் டிஸ்க் மட்டும் போதும், கம்பெனி சாமானாக வேண்டும் என்றான்.

ஆயில் வாங்க வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கலைவாணன் காதில் விழாதவர்போலத் திரும்பி, கீழ்த்தட்டிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து அவன் முன்னால் எறிந்தார். லோக்கல் சரக்கு. பூ விளிம்பு வெட்டி, பார்க்க அழகாக இருந்தது.

"உனக்கு இது போதும்டா. ஊர் சுத்தத் தெரியுது, பிரேக் பிடிக்கத் தெரியல. அவளையும் பின்னாடி குந்த வச்சிக்கினு எங்கயாவது மலையில உருட்டிடு."

ஆயில்காரர் சிரித்தார்.

மலை இறக்கத்தில் மட்டமான டிஸ்க் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். சத்யராஜ் கம்பெனி சாமான்தான் வேண்டும் என்று மறுபடியும் கேட்டான்.

இல்லை என்றார் கலைவாணன்.

அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அது இருந்தது. அவன் பார்ப்பதை அவரும் பார்த்தார். மறைக்கவில்லை.

பழையதை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொல்லி, அந்த டிஸ்க்குகளை அவன் பக்கம் தள்ளினார். தள்ளிய கை பாதியில் நின்றது.

பின் டிஸ்க் தகடாக மெலிந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. முன் டிஸ்க் நேற்று வாங்கியதுபோல இருந்தது. அதன் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். தேய்ந்த மேடு எங்கும் தட்டவில்லை.

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயில்காரர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நீ எதுல வந்த?"

ஷேர் ஆட்டோவில் என்றான்.

வண்டி ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான். சத்யராஜுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்ட வராது. வண்டி சந்தியாவுடையது. அவள் ஓட்டுவாள். அவன் பையை மாட்டிக்கொண்டு பின்னால் உட்காருவான்.

கையால் பிடிக்கும் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும் என்று பயந்து, அந்தப் பிடி அழுந்தாதபடி மரத்துண்டைச் செருகி நூல் சுற்றிவிட்டு, கால் பிரேக்கை மட்டுமே மிதிக்கவைத்து, ஏரிக்கரையில் அவளுக்கு பைக் பழக்கியவர் இவர்தான். சந்தியா அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மரத்துண்டு இல்லாத இந்த வண்டியிலும் அவள் விரல்கள் அந்தப் பிடிக்குப் போனதில்லை.

கலைவாணன் லோக்கல் டிஸ்க்கை எடுத்துக் கீழே போட்டார். அலமாரியைத் திறந்து கம்பெனி டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகும் அதன்மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இனிமே நீ இந்தப் படி ஏறாத. நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஓட்டறவள வரச் சொல்லு."