ஹெல்முட் சொன்னால் சரி

"மனுஷன் எங்க பொறக்குறான்ங்கிறது விதி. எங்க தங்குறான்ங்கிறதுதான் அறிவு" என்றார் ஸ்டமாதிஸ், உப்புப் போட்ட வெந்நீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டபடி.

அக்டோபர் கடைசி. நக்ஸோஸ் தீவில் அவர்களுடைய ஒன்பது அறை விடுதியிலிருந்து கடைசி விருந்தாளியும் அன்று காலைக் கப்பலில் போய்விட்டார். ஏப்ரலில் தொடங்கி ஏழு மாதம் அந்த அறைகளில் விரிப்பு மாற்றியவள் அவர் மனைவி கலியோப்பி. ஸ்டமாதிஸ் வரவேற்றார். வரவேற்றாலும் கால் வலிக்கும் என்பது அவர் கட்சி.

கலியோப்பி பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள். வேறொரு தீவு. அவள் எழுந்த கட்டிலை வேறு யாராவது விரித்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

"சிஃப்னோஸ் போலாம். துறைமுகத்துக்கு மேல ஃபிளோரான்னு ஒருத்தி மூணு அறை விடுறா. காலையில அவளே ரொட்டி சுட்டுக் குடுப்பாளாம். மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி போயிட்டு வந்து சொன்னா."

"அவ எதைத்தான் நல்லால்லைன்னு சொன்னா? போனை எடு. ஹெல்முட் என்ன சொல்றார்னு பாப்போம்."

கலியோப்பி பெருமூச்சு விட்டாள். அவள் பயந்ததும் இதைத்தான்.

ஸ்டுட்கார்ட் நகரத்து ஹெல்முட், ஒன்பது வருடத்துக்கு முன்னால் சுற்றுவட்டத் தீவுகளின் விடுதிகளைப் பற்றி இணையத்தில் எழுதியவர். பதினான்கு விடுதிகளுக்கு ஒற்றை நட்சத்திரம். பதினைந்தாவதாக இவர்களுடையதற்கு மட்டும் ஐந்து. அது அறைகளெல்லாம் காலியாகக் கிடந்து, ஸ்டமாதிஸ் சோபாவை விட்டு எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வருடம். அந்த ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் அவர் எழுந்து முகம் மழித்தார். பிறகு அதை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பு மேஜைக்கு மேலே புனித நிக்கோலாஸ் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். போகப் போகப் புனிதர் கொஞ்சம் கீழே இறங்கினார்.

வருகிறவர்களிடமெல்லாம் ஸ்டமாதிஸ் ஹெல்முட்டைப் பற்றிச் சொல்வார். இரண்டாம் எண் அறையில் தங்கினாராம். தங்க பிரேம் கண்ணாடியாம். கிளம்பும்போது கட்டித் தழுவி அழுதாராம். ஒவ்வொரு வருடமும் ஹெல்முட் இரண்டு அங்குலம் வளர்ந்துகொண்டே வந்தார்.

கலியோப்பி கைப்பேசியைத் திறந்தாள். ஃபிளோராவுக்கு ஒற்றை நட்சத்திரம். மறைக்க வழியில்லை, ஸ்டமாதிஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது, எண்ணத் தெரியும். இளவயதில் ஜெர்மனியில் மாமாவின் உணவகத்தில் தட்டுக் கழுவிய கலியோப்பிதான் படித்துச் சொல்ல வேண்டும்.

"மெத்தையில் மூட்டைப்பூச்சி. மூக்கைச் சிந்திய கையாலேயே ரொட்டியைத் தொடுகிறார்."

"பாத்தியா."

"ஒம்போது வருஷம் ஆச்சு. மூட்டைப்பூச்சியெல்லாம் செத்திருக்கும்."

"அதோட பேரப்பிள்ளைங்க இருக்கும்."

அமோர்கோஸ் தீவில் இரண்டு அக்கா தங்கைகள் நடத்தும் வீட்டைச் சொல்லிப் பார்த்தாள். அங்கே கதவு பூட்டவில்லை என்றும், அக்காவும் தங்கையும் விடிய விடியச் சண்டை என்றும் ஹெல்முட் எழுதியிருந்தார். மீலோஸில் ஒரு மீனவர் வீடு. விரிப்பில் மீன் வாடை, குழாயில் துரு, முற்றத்தில் முட்டும் ஆடு. ஆட்டுக்கு வரும்போது கைப்பேசித் திரை அணைந்துவிட்டது. கலியோப்பி நிறுத்தாமல் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

"மகா மனுஷன். ஒண்ணையும் விடலை பாரு" என்றார் ஸ்டமாதிஸ்.

கலியோப்பி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது.

"யாரோ ஒரு ஆளு என்னைக்கோ எழுதினதை அப்படியே நம்பணுமா, ஸ்டமாதிஸ்? சும்மா வாய்க்கு வந்ததை எழுதியிருந்தா?"

ஸ்டமாதிஸ் வாளிக்குள் கால் விரல்களை அசைத்தார். சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு, விருந்தாளிகளிடம் பேசும் குரலை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பதினாலும் பொய்யின்னா, நம்மளோடதும் பொய்யாயிடும், கண்ணு."

கலியோப்பி வாயைத் திறந்தாள். அந்த சோபா இன்னும் அதே மூலையில்தான் கிடந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் ஸ்டமாதிஸ் தாமே தெளிந்து வாளியிலிருந்து எழுந்தார். இவ்வளவு பக்கத்தில் ஐந்து நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு எவனாவது கப்பல் ஏறுவானா என்று கேட்டார். மூன்று நாளும் இரண்டாம் எண் அறை. ஹெல்முட் இருந்த அறை. முறைப்படி மேஜைக்குப் பின்னால் போய் நின்று, "தங்கள் வரவு நல்வரவாகுக" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். பெட்டியைப் பன்னிரண்டு படி தூக்கிக்கொண்டு ஏறியவள் கலியோப்பி.

மறுநாள் காலை, எழுந்த கையோடு விரிப்பை உருவி, உதறி, புதியதை விரித்து, நான்கு மூலையும் செருகிய பிறகுதான் தான் விருந்தாளி என்பது அவளுக்கு நினைவு வந்தது.

பால்கனியில் காப்பியோடு உட்கார்ந்திருந்த ஸ்டமாதிஸ் திரும்பிப் பார்த்தார். "ஹெல்முட் சும்மா எழுதலை. விரிப்பு என்ன வெள்ளை பாரு."

ஹெல்முட் என்று யாரும் கிடையாது. அந்தப் பதினைந்தையும் ஒரே மத்தியானத்தில், சலவை இயந்திரம் ஓடி நிற்பதற்குள், கலியோப்பிதான் எழுதினாள். மற்றத் தீவுகளில் ஒன்றுக்குக்கூட அவள் போனதில்லை.