வாழிடம்

கோலா சிலாங்கூரில் இருந்த அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தில் எலியட் ஆய்வாளனாகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே உதவியாளராக இருந்த விஜயராணி நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"புது இனம் இல்ல தம்பி. தஞ்சோங் காராங் வாய்க்கால்ல கிடைக்கிற அதே நீர்க்கரடிதான்."

"நகத்தை நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"எட்டுக் காலையும் பாத்துட்டேன். முட்டையும் அதேதான்."

கடுகில் பாதிகூட இல்லாத அந்த நீர்வாழ் உயிரை எலியட் மலைபோல நம்பியிருந்தான். அது புது இனமாக இருந்தால், அது கிடைத்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் குளத்தை மண் கொட்டி மூடும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

"சந்தேகம்னாவது எழுதுவோம்லா. குளத்தை மூடிட்டா பக்கத்துல தோட்டத் தொழிலாளிங்க இருக்குற லயத்தையும் இடிச்சிருவாங்க. பன்னிரண்டு குடும்பம்க்கா!"

"சந்தேகமே இல்லாதப்ப எப்படி எழுதறது?"

"உங்களுக்கென்ன, அஞ்சு மணியானா வீட்டுக்குப் போயிருவீங்க."

அவன் கோபத்தோடு படிவத்தை இழுத்தான்.

"மாதிரி எடுத்தது யாரு? போத்தல்ல பேரே இல்ல."

"நான்தான். காலையில வேலைக்கு வர்றப்ப எடுத்தேன்."

"முகவரி?"

"அந்த லயம்தான். ஏழாம் நம்பர் வீடு."

எலியட்டின் பேனா நின்றது.

"பொய் எழுதினா நாளைக்கே யாராவது கண்டுபிடிச்சிருவாங்க தம்பி," என்றாள் விஜயராணி. "அப்புறம் நாங்க நாப்பது வருஷமா அங்க இருக்கோம்னு சொல்றதையும் நம்ப மாட்டாங்க."