ஒரே வெடியில்

“புதுத் தோட்டா சரிவராது சேர். என்ட பேரப் போட்டே எழுதிக்கொள்ளுங்க” என்றார் ரிப்கான்.

கதிரையில் உட்கார்ந்திருந்த கஜமுகன் உடனே எழுதவில்லை. துவக்கு லைசன்ஸ் புதுப்பிக்கும் வேலையாக மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து வந்தவர் அவர். பயிரை அழிக்கிற காட்டுப் பன்றியைச் சுட மட்டும்தான் அந்த லைசன்ஸ்; மானையோ மரையையோ சுட்டால் மறியல்தான். இந்த முறை கூடவே ஒரு படிவத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். காட்டுப் பன்றி சுடுவதற்குப் புதிதாக ஒரு தோட்டா வந்திருக்கிறது. துவக்கு வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு மாதிரிக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தாயிற்று. நல்லதென்று அவர்கள் சொன்னால், அடுத்த மாதத்திலிருந்து பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை மட்டும்தான் கொடுப்பார்கள்.

பதினைந்து பேரைக் கேட்டாயிற்று. பதினைந்து பேரும் நல்லதென்றார்கள். பதினாறாவது ஆள் ரிப்கான். வீடு தில்லையடியில், நிலக்கடலை போடுகிற கச்சான் தோட்டம் வண்ணாத்திவில்லுப் பக்கம், காட்டோரமாக. அந்த வட்டாரத்தில் அவரளவுக்குக் குறி பார்த்துச் சுடுகிறவர் யாரும் இல்லை. ஆகவே அவர் வேண்டாமென்றால் கச்சேரியிலும் யோசிப்பார்கள். இது ரிப்கானுக்கும் தெரியும். பழைய தோட்டாவை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலையில் மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏன் சரிவராது நானா? காரணம் எழுத இதில ஒரு கட்டம் இருக்கு” என்றார் கஜமுகன்.

சத்தம் கூடுதல் என்றார் ரிப்கான். வெடித்தால் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் இரண்டு நாளைக்கு முட்டை இடுவதில்லையாம். கஜமுகன் மற்றப் படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். புதியதற்குச் சத்தம் குறைவு என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

தோளில் உதைக்கிறது என்றார் ரிப்கான். சிலாபத்தில் செய்து காட்டியபோது, துவக்கையே தொட்டறியாத கச்சேரிப் பிரியதர்சினி மிஸ் சிரித்துக்கொண்டே சுட்டதைக் கஜமுகன் கண்ணால் கண்டிருந்தார்.

கடற்காற்றின் ஈரத்துக்கு ஊதிப்போகிறது என்றார் ரிப்கான். கஜமுகன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பழைய தோட்டாதான் ஈரத்துக்கு ஊதிப்போகிறதென்று போன வருடம் ரிப்கானே கைப்பட எழுதிக் கொடுத்த முறைப்பாடு அது.

ரிப்கானின் மனைவி ஜெய்னம்பு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். இதற்கு மேல் கதைக்க வேண்டாம் என்று புருசனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அந்தப் பார்வையைக் கவனிக்கிற நிலையில் ரிப்கான் இல்லை.

கஜமுகனுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

“ஆடத் தெரியாதவன் மேடை கோணல் எண்டானாம். உங்கட குறிதான் தப்புதோ நானா?”

ரிப்கானுக்குச் சுருக்கென்று தைத்தது. துவக்கைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“குறியா? புதுத் தோட்டாவில மூணு வெடி வச்சன் சேர். மூணு தரமும் அது நிண்ட இடத்திலயே விழுந்திட்டுது.”

பன்றி என்ற சொல்லை ரிப்கான் வாயால் சொல்வதில்லை. சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று வளர்ந்தவர். கஜமுகன் வந்த நேரத்திலிருந்து அவருக்கு எல்லாம் ‘அது’தான். கஜமுகனும் மரியாதைக்கு அப்படியே கதைத்தார்.

“ஒரே வெடியில விழுந்தா நல்லதுதானே?”

“அதுதான் சேர் பிழை. பழையதெண்டா அடி பட்டும் நாப்பது அம்பது எட்டு வச்சுப் போய்த்தான் படுக்கும். உசிர் கொஞ்ச நேரம் நிக்கும்.”

அப்படிக் காயத்தோடு கிடப்பது திரும்பிப் பாய்ந்தால் ஆபத்தல்லவா என்று கஜமுகன் கேட்டார். போன மாதம் கிட்டப் போன ஒருவருடைய தொடையை அது கிழித்து, இருபது தையல் போட வேண்டி வந்ததையும் சொன்னார்.

“சீ, அது பாயாது சேர். பாவம், பெரிய கண்ணால பாத்துக்கொண்டு கிடக்கும்.”

கஜமுகன் கோப்பையைக் கீழே வைத்தார். கச்சானைக் கிளறி நாசமாக்குகிற ஒன்றின் மேல் இவ்வளவு இரக்கமுள்ள தோட்டக்காரரை அவர் இதுவரை கண்டதில்லை. ஆனாலும் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. சரியான காரணம் இல்லையென்றால் ‘ஆட்சேபனை இல்லை’ என்று போட்டுவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தார்.

ரிப்கான் பதறிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“அப்பிடி எழுதாதீங்க சேர். மூணையும் குழி தோண்டிப் புதைச்சன். நான் கத்தியோட ஓடிப் போய், கிப்லாப் பக்கம் திருப்பி, பிஸ்மில்லா சொல்லி அறுக்க முன்னுக்கே உசிர் போயிடுது. புறகு எப்பிடி ஹலாலாகும்?”

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது.

கஜமுகன் எழுதப் போன பேனாவை மெதுவாக மூடி வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“பண்டியை ஏன் நானா ஹலாலாக்கிறீங்க?”